இன்னும் வேர் பிடிக்கவில்லை

ஜூலை 6, சனி

மூடுபனி பதினொரு மணி வரை விலகவில்லை. நர்சரியின் கடைசி வரிசை கண்ணுக்குத் தெரியாமலே வேலை செய்தோம். வேலைக்கு வரும் பெள்ளி தொட்டிகளில் களை எடுத்தாள். நான் தண்ணீர்க் குழாயின் ஓட்டையை அடைத்துக்கொண்டிருந்தபோது பனிக்குள்ளிருந்து ஒரு அம்மா வந்தார். ஈரத் துண்டில் சுற்றிய ஒரு கொப்பை இரண்டு கைகளிலும் ஏந்தியிருந்தார். கால்நடை மருந்தகத்தில் மருந்து கொடுப்பவர். பேருந்து நிறுத்தத்தில் பார்த்திருக்கிறேன். பெயர் தமயந்தி என்றார்.

"வீட்டு ஓனர் காலையில மரத்தை வெட்டிட்டாருங்க. டூரிஸ்ட்டுக்கு ரூம் கட்டறாராம். இந்த ஒரு கொப்புதான் எடுக்க முடிஞ்சுது. இதுல இருந்து கன்னு வருங்களா?"

துண்டை விலக்கினேன். கமேலியா. தேயிலைக்குப் பங்காளி. அதே தடித்த, எண்ணெய் தடவினாற்போன்ற இலை. வெள்ளைப் பூவாம். மெழுகில் செய்து வைத்ததுபோல இருக்கும் என்பதால் அவர்கள் தெருவில் மெழுகுப்பூ மரம் என்பார்களாம். பதினெட்டு வருடத்துக்கு முன் ஈரோட்டிலிருந்து இங்கே வேலைக்கு வந்தபோது, அந்த வாடகை வீட்டின் பின்புறம் அவரே வைத்தது.

"இது லேசுல வேர் விடாதுங்க. ரெண்டு மூணு மாசமாச்சும் ஆகும். பத்துக்கு ரெண்டு நின்னாலே பெருசு."

"ரெண்டு போதுமுங்க."

கொப்பை நறுக்கியதில் பதினான்கு போத்து கிடைத்தது. விரல் நீளக் குச்சிகள். கணுவுக்குக் கீழே சாய்வாக வெட்டி, அடியிலையைக் கிள்ளி, மேலிலையைப் பாதியாக நறுக்கி, வேர்ப்பொடியில் தொட்டு, மணலும் தேங்காய் நார்த்தூளும் கலந்த பாத்தியில் ஊன்றினேன். மேலே பிளாஸ்டிக் கூடாரம். கடைசிப் போத்து வரை அந்த அம்மா நின்று பார்த்தார். போகும்போது துண்டை மறந்துவிட்டார்.

ஜூலை 7, ஞாயிறு

துண்டைத் துவைத்துப் போட்டேன். இந்த மாதத்தில் எதுவும் காயாது.

ஜூலை 13, சனி

அந்த அம்மா வந்தார். சனிக்கிழமை மருந்தகம் மதியத்தோடு மூடிவிடுமாம். கூடாரத்துக்குள் எட்டிப் பார்த்தார். ஒரு வாரத்தில் பார்க்க என்ன இருக்கிறது? மணலில் பதினான்கு பச்சைக் குச்சிகள். அதையே வெகுநேரம் பார்த்தார்.

"மரத்தை விட்டு வந்துட்டோம்னு இதுங்களுக்குத் தெரியுங்களா?"

"தெரியாதுங்க. தெரிஞ்சிருந்தா இந்நேரம் வாடியிருக்கும். இப்ப உள்ளுக்குள்ள புண்ணு ஆறிட்டு இருக்கும். வெட்டுன எடத்துல வெள்ளையாத் தழும்பு கட்டும். அதுல இருந்துதான் வேரு."

துண்டைக் கொடுத்தேன். டீ கொடுத்தேன். கவிழ்த்துவைத்த தொட்டிமேல் உட்கார்ந்து குடித்தார். ஆட்டுக்குப் பூச்சி மருந்து புகட்டும்போது தலையை ரொம்பத் தூக்கிவிடக் கூடாதாம், மருந்து நுரையீரலுக்குப் போய்விடுமாம். எனக்கு ஆடு கிடையாது. ஆனாலும் தெரிந்துகொண்டது நல்லதுதான்.

ஜூலை 20, சனி

நான்கு போத்து அடி கறுத்துவிட்டது. பிடுங்கி எறிந்தேன். பத்து மிச்சம்.

மாலையில் பனி கொட்டகைக்குள்ளேயே வந்துவிட்டது. கறுப்புக் குடை முதலில் தெரிந்தது, பிறகு புடவை, பிறகு முகம். அவர் போகும்போது அதே வரிசையில் ஒவ்வொன்றாக மறைந்தது. இப்படி எழுதிவைப்பதற்கு இதில் ஒன்றுமில்லை. பனி அவ்வளவு அடர்த்தி என்பதற்காகச் சொல்கிறேன்.

ஆகஸ்ட் 3, சனி

பெள்ளிதான் கேட்டாள். நான் கேட்கவில்லை.

"அம்மாவுக்கு எத்தன புள்ளைங்க?"

"கல்யாணமே பண்ணிக்கல பெள்ளி. அப்பா போனப்ப தம்பிங்க ரெண்டு பேரும் படிச்சிட்டு இருந்தாங்க. அவங்க படிச்சு முடிச்சப்ப எனக்கு முப்பத்திநாலு. அப்புறம் யாரும் கேக்கல. நானும் ஞாபகப்படுத்தல."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நான் ரோஜாத் தொட்டிக்கு எரு போட்டுக்கொண்டிருந்தேன். அதே தொட்டிக்கு இரண்டு தடவை போட்டுவிட்டதாகப் பெள்ளி பிற்பாடு சொன்னாள்.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

மகள் மேகலா திருப்பூரிலிருந்து பேசினாள். அடுத்த சனிக்கிழமை வரச் சொன்னாள். மாப்பிள்ளை வீட்டில் ஏதோ விசேஷம். சனிக்கிழமை முடியாது, வேலை இருக்கிறது என்றேன்.

"என்னப்பா அப்படி வேலை? நர்சரியப் பெள்ளியக்கா பாத்துக்க மாட்டாங்களா?"

"ஒரு கமேலியா போட்டிருக்கேன். கிட்ட இருந்து பாக்கோணும்."

"கமேலியா நீங்க முன்னாடி போட்டதே இல்லையா?"

போட்டிருக்கிறேன். ஆனால் ஒவ்வொரு மரமும் வேறுவேறு.

ஆகஸ்ட் 24, சனி

கோத்தகிரி போய் உரம் வாங்கினேன். அப்படியே பீங்கான் கோப்பை இரண்டும். பழையது உடைந்துவிட்டது என்று பெள்ளியிடம் சொன்னேன். "எது ஒடைஞ்சுது?" என்று தேடிக்கொண்டிருந்தாள்.

ஏழு போத்து மிச்சம்.

ஆகஸ்ட் 31, சனி

நாள் முழுக்க வெயில். ஜூன் மாதத்துக்குப் பிறகு முதல் வெயில். எதிர் மலைச் சரிவில் தேயிலை ஈரத்தோடு மின்னியது. அந்த அம்மா தொட்டிமேல் உட்கார்ந்தபடியே கண்ணயர்ந்துவிட்டார். கோப்பை மடியில் சாய்ந்தது. எழுப்பலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டே கால் மணி நேரம் நின்றேன். அதற்குள் அவரே விழித்துக்கொண்டார்.

"தூங்கிட்டேனா?"

"இல்லீங்க" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை.

செப்டம்பர் 12, வியாழன்

காலையில் ஒவ்வொரு போத்தையும் மெல்ல இழுத்துப் பார்த்தேன். நான்கு, தொட்டவுடன் கையோடு வந்துவிட்டன. அடியில் அழுகல். மீதி மூன்றும் வரவில்லை. மணலுக்கு அடியிலிருந்து யாரோ எதிர்ப்பக்கம் பிடித்துக்கொண்டிருப்பதுபோல இருந்தது.

வேர்.

இருபத்தாறு வருடமாக இந்த வேலை. இன்னமும் அந்தப் பிடி விரலில் தெரியும்போது உடம்பு சிலிர்க்கத்தான் செய்கிறது. சனிக்கிழமை சொல்ல வேண்டும். சொன்னபிறகு மண் நிரப்பிய பைக்கு மாற்றி, இரண்டு வாரம் நிழலில் வைத்துக் கொடுத்துவிடலாம். அதோடு முடிந்தது.

செப்டம்பர் 14, சனி

"புடிச்சிருச்சுங்களா?" என்றார்.

"இன்னும் இல்லீங்க" என்றேன்.

இளம் வேர் கண்ணாடி மாதிரி, தொட்டால் ஒடியும். நன்றாக உறுதிப்பட்ட பிறகு சொல்வதுதான் முறை.

செப்டம்பர் 21, சனி

இன்னும் இல்லை என்று சொன்னேன்.

அவருக்கு ஈரோட்டுக்கு மாற்றல் ஆணை வந்திருக்கிறது. மே மாதமே தம்பி வற்புறுத்தி எழுதிக் கொடுக்க வைத்தாராம். "தனியா மலையில கெடந்து என்ன பண்ணப் போற, எங்களோட வந்து இரு" என்று. நவம்பர் பதினைந்துக்குள் அங்கே போய்ச் சேர வேண்டும்.

"கன்னை அங்கதான் கொண்டுபோய் வைக்கோணும்" என்றார். "தம்பி வீட்டு முன்னாடி கொஞ்சம் எடம் கெடக்குது."

ஈரோட்டு வெயிலில் கமேலியா ஒரு கோடை தாங்காது. அதைச் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் பெள்ளி டீ கொண்டுவந்துவிட்டாள்.

செப்டம்பர் 28, சனி

"இன்னும் இல்லீங்களா?"

"இல்லீங்க."

அவர் என்னைப் பார்த்தார், பாத்தியைப் பார்த்தார். சரி என்று தலையசைத்தார். பிறகு மருந்தகத்துக்கு வந்த ஒரு குதிரையைப் பற்றிச் சொன்னார். சுற்றுலாக்காரர்களை ஏற்றித் திரியும் குதிரையாம். மருந்து கொடுக்கும் வரை அமைதியாக இருந்துவிட்டு, கொடுத்தபிறகு அவருடைய தோளில் தலையை வைத்துக்கொண்டதாம். எடுக்கவே இல்லையாம்.

அக்டோபர் 3, வியாழன்

இலை வெளுக்கிறது. வெறும் மணலில் சத்து எங்கே இருக்கிறது? வேர் இறங்கிப் பசித்துத் தேடுகிறது. மூன்று வாரத்துக்கு முன்பே பைக்கு மாற்றியிருக்க வேண்டும்.

"அண்ணா, அது புடிச்சு ஒரு மாசமாகப் போவுது" என்றாள் பெள்ளி.

"எனக்குத் தெரியாதா?"

"தெரியும். அதான் சொன்னேன்."

அக்டோபர் 8, செவ்வாய்

விடியற்காலையில் ஒரு கனவு. மணலில் கணுக்கால் வரை நின்றுகொண்டிருக்கிறேன். சுற்றிலும் பால்போலப் பனி. யாரோ என் தோளைப் பிடித்து மெல்ல இழுக்கிறார்கள். நான் அசையவில்லை. "இவர் வரமாட்டார், பிடிச்சிருச்சு" என்று ஒரு குரல் சொல்கிறது. கனகாவின் குரல் மாதிரி இருந்தது. மேகலாவின் அம்மா. அவள் போய் ஒன்பது வருடத்தில் கனவில் வந்தது இரண்டு மூன்று தடவைதான். குரலில் கோபம் இல்லை. பக்கத்து வீட்டுக்காரருக்கு வழி சொல்வதுபோலச் சொன்னாள்.

எழுந்து டீ போட்டேன்.

அக்டோபர் 12, சனி

மழை. வந்தார். கேட்கவே இல்லை. நானும் சொல்லவில்லை. இரண்டு பேரும் தகரத்தில் மழை விழுவதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். திங்கட்கிழமை கட்டாயம் பைக்கு மாற்றிவிட வேண்டும்.

அக்டோபர் 17, வியாழன்

ஞாயிறு முதல் நேற்று வரை பேய்மழை. மண் சரிந்து சாலை அடைபட்டுவிட்டது. திங்கட்கிழமை காலை கொட்டகைத் தகரம் காற்றில் பெயர்ந்து விழுந்து கூடாரம் கிழிந்தது. பாத்தியில் முழங்கை ஆழத்துக்குத் தண்ணீர். நானும் பெள்ளியும் ரோஜாத் தொட்டிகளைத்தான் முதலில் தூக்கினோம். பாத்திக்கு வருவதற்குள் இரண்டு நாள் போய்விட்டது.

இன்று மூன்றையும் எடுத்துப் பார்த்தேன். இரண்டின் வேர் பழுப்பாகி நைந்துவிட்டது. விரலால் உருவினால் தோல் கழன்று நடுநரம்பு மட்டும் மிஞ்சியது. செப்டம்பரிலேயே பைக்கு மாற்றியிருந்தால் மேல்தட்டில் பத்திரமாக இருந்திருக்கும்.

ஒன்று மட்டும் பிழைத்திருக்கிறது. அதன் வேர் வெள்ளை. அதைப் பையில் வைத்தேன். மேல்தட்டில் ஏற்றி வைத்தேன்.

அக்டோபர் 19, சனி

சாலை திறந்துவிட்டது. அவர் வந்ததும், உட்காரும் முன்பே சொல்லிவிட்டேன்.

"அம்மா, நான் உங்ககிட்டப் பொய் சொல்லிட்டேனுங்க. செப்டம்பர் பன்னண்டாந் தேதியே மூணும் வேர் புடிச்சிருச்சு. நான் மாத்தாம உட்டுட்டேன். இப்ப மழையில ரெண்டு போயிருச்சு. இது ஒண்ணுதான் மிச்சம்."

பையை நீட்டினேன். வாங்கவில்லை. இறந்துபோன இரண்டும் எங்கே என்று கேட்டார். காட்டினேன். மேசை ஓரத்தில் எறியாமல்தான் வைத்திருந்தேன். இரண்டையும் உள்ளங்கையில் எடுத்துப் பார்த்தார்.

"ஏன் பொய் சொன்னீங்க?" என்று கேட்பார் என்று நினைத்தேன். கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேனோ. கேட்கவில்லை. குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். டீ குடிக்கவில்லை. கன்றும் இங்கேயே இருக்கிறது.

அக்டோபர் 26, சனி

வரவில்லை.

நவம்பர் 2, சனி

வரவில்லை. இரண்டு கோப்பையில் டீ ஊற்றிவிட்டேன். ஒன்றைப் பெள்ளி குடித்தாள். "ஆறிப் போவறதுக்குள்ள போயிட்டு வாங்கண்ணா" என்றாள். டீயைத்தான் சொல்கிறாள் என்று முதலில் நினைத்தேன்.

நவம்பர் 6, புதன்

கன்றை எடுத்துக்கொண்டு மருந்தகத்துக்குப் போனேன். பேருந்தில் மடியில் வைத்துக்கொண்டேன். டாக்டர் முகாமுக்குப் போயிருந்தார். அந்த அம்மா மட்டும் இருந்தார். ஒரு பெரியவரின் ஆட்டுக்கு மருந்து கொடுத்து அனுப்பும் வரை வெளியில் நின்றேன்.

"உங்க பொருள். குடுத்துட்டுப் போலாம்னு வந்தேன்" என்றேன். "இன்னொண்ணும் சொல்லோணும். ஈரோட்டு வெயில் இதுக்கு ஆகாதுங்க. நீங்க ஈரோடுன்னு சொன்ன அன்னிக்கே சொல்லியிருக்கோணும். அதையும் மறைச்சுட்டேன்."

"அது எனக்குத் தெரியும்" என்றார்.

எனக்குப் புரியவில்லை.

"வந்த புதுசுல இதே மாதிரி ஒரு கன்னு வாங்கித் தம்பி வீட்டுக்குக் குடுத்தனுப்பினேன். சித்திரை வரைக்கும்கூடத் தாங்கல."

"அப்பறம் எதுக்குங்க என்கிட்டக் கொண்டாந்தீங்க?"

மருந்துக் குப்பியின் மூடியைத் திருகித் திருகி மூடினார். அது ஏற்கனவே மூடித்தான் இருந்தது.

"மரத்தை வெட்டிப் போட்டாங்க. கையில ஒரு கொப்பு இருந்துச்சு. எங்கயாச்சும் கொண்டுபோய்ச் சேக்கோணும்னு தோணுச்சு. அவ்வளவுதான். அப்பறம் சனிக்கிழமை வந்துட்டே இருந்துச்சு."

பிறகு நிமிர்ந்து பார்த்துச் சொன்னார்.

"செப்டம்பர்ல ஒருநாள் நீங்க டீ எடுக்க உள்ள போனப்ப, நானும் ஒண்ணை இழுத்துப் பாத்தேன். வரல. புடிச்சிருச்சுன்னு தெரிஞ்சுது. நீங்க வந்து இன்னும் இல்லைன்னு சொன்னீங்க. நானும் சரின்னுட்டேன். அடுத்த வாரமும் சரின்னேன். நான் ஒரு வார்த்தை கேட்டிருந்தா அந்த ரெண்டும் பொழச்சிருக்கும். உங்க மேல கோவம்னு நெனச்சீங்களா? உங்க மூஞ்சியைப் பாக்க எனக்குத்தான் ஏலல."

நாற்காலி இருந்தது. உட்கார்ந்துகொண்டேன். ஒருவர் கோழிக்குச் சீக்கு என்று வந்தார். மருந்து வாங்கிக்கொண்டு போனார்.

"கன்னைத் திருப்பி எடுத்துட்டுப் போங்க" என்றார் கடைசியில். "ஒரு வருசமாச்சும் நர்சரியில இருக்கட்டும்."

"நீங்க பதினஞ்சாந் தேதி போறீங்களே."

"அது நான் பாத்துக்கறேன்."

நவம்பர் 16, சனி

வந்தார். ஈரோடு கேட்டுப் பல வருடமாகக் காத்திருந்த ஒருவருக்கு அந்த இடத்தை விட்டுக்கொடுத்து எழுதித் தந்துவிட்டாராம். மேலிடமும் சம்மதித்துவிட்டது. தம்பி போனில், "இனி உனக்கு ஒண்ணுன்னா எங்களைக் கூப்பிடாதே" என்று சொன்னாராம். அதைச் சொல்லும்போது குரல் உடைந்துவிட்டது. படிக்கவைத்து ஆளாக்கிய தம்பி. டீயைக் கொஞ்சம் தள்ளிவைத்தேன். நெடுநேரம் கழித்து எடுத்துக் குடித்தார்.

நவம்பர் 30, சனி

வீட்டை டிசம்பர் கடைசிக்குள் காலி செய்யச் சொல்லிவிட்டார்களாம். இரண்டு வீடு பார்த்தாராம். ஒன்றில் தண்ணீர் இல்லை. இன்னொன்றில், தனியாக இருக்கும் பெண்ணுக்குக் கொடுப்பதில்லை என்றார்களாம்.

"இங்க எடம் இருக்குதுங்க" என்றேன்.

"வாடகைக்கா?"

பெள்ளி தொட்டி கழுவுவதை நிறுத்திவிட்டாள்.

"இல்லீங்க" என்றேன்.

பனி இறங்கிக்கொண்டிருந்தது. எதிரே இருந்த சில்வர் ஓக் மரங்கள் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. எனக்கு ஐம்பத்தைந்து வயது. காதெல்லாம் சூடாக இருந்தது.

"உங்க பொண்ணுகிட்டக் கேட்டீங்களா?" என்றார்.

"கேக்கறேன்."

"கேட்டுட்டுச் சொல்லுங்க. அவ மனசு நோவக் கூடாது. நான் அதுவரைக்கும் சிநேகிதி வீட்டுல இருந்துக்கறேன்."

டிசம்பர் 1, ஞாயிறு

மேகலாவிடம் சொன்னேன். போனில்தான்.

"அம்மா போட்டோவை எடுத்துருவீங்களா?" என்றாள்.

"எதுக்கு எடுக்கணும்?"

"எனக்குத் தெரியலப்பா. என் மாமியார்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியல. நீங்க அங்க ஒத்தையில சாப்புடறதை நெனச்சு நான் அழுததும் உண்டு. இப்ப ஏன் அழுகை வருதுன்னும் தெரியல. கொஞ்ச நாள் குடுங்க."

கொடுக்கிறேன் என்றேன்.

டிசம்பர் 19, வியாழன்

உறைபனி. புல்லெல்லாம் உப்புப் பூத்ததுபோல. மேகலா பேசவில்லை. தொட்டிகளைச் சாக்குப் போட்டு மூடினோம்.

டிசம்பர் 28, சனி

சொல்லாமல் கொள்ளாமல் மேகலா வந்து நின்றாள். என்னிடம் அதிகம் பேசவில்லை. மதியம் அவர் வந்ததும் தானே எழுந்து போய், "வாங்க, நான் மேகலா" என்றாள். இரண்டு பேரும் பாத்திகளுக்கு நடுவே நடந்தார்கள். பனியில் அவர்களின் முதுகு மட்டும் தெரிந்தது. ஒரு மணி நேரம். நான் வெட்ட வேண்டியதையும் வெட்ட வேண்டாததையும் வெட்டிக்கொண்டிருந்தேன்.

திரும்பி வந்தபோது இருவர் கண்ணும் சிவந்திருந்தது.

"என்ன பேசினீங்க?" என்றேன்.

"உங்களைப் பத்தி இல்லப்பா" என்றாள் மேகலா. "அம்மாவப் பத்திக் கேட்டாங்க. எந்த நோவு, எத்தனை நாள் ஆஸ்பத்திரி, எனக்கு அப்ப எத்தனை வயசுன்னு எல்லாத்தையும் கேட்டாங்க. இத்தனை வருசத்துல யாரும் என்கிட்ட அதைக் கேட்டதே இல்ல. நீங்களும்தான்."

ஜனவரி 5, ஞாயிறு

மேகலா போனில்: "தையில நாள் பாருங்க."

பிப்ரவரி 10, திங்கள்

காலை ஏழரைக்கு முருகன் கோயிலில் மாலை மாற்றினோம். மேகலாவும் மாப்பிள்ளையும் பெள்ளியும் மருந்தகத்து டாக்டரும் வந்திருந்தார்கள். ஈரோட்டிலிருந்து யாரும் வரவில்லை. தமயந்தி இரண்டு தடவை பேருந்து வரும் வழியைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு பார்க்கவில்லை.

இலையில் உட்காரும்போது டாக்டருக்குப் போன் வந்தது. மேல்தோட்டத்தில் ஒரு பசு ஈன முடியாமல் காலையிலிருந்து தவிக்கிறதாம். டாக்டர் தயங்கினார். தமயந்தி மாலையைக் கழற்றிப் பெள்ளி கையில் கொடுத்துவிட்டு எழுந்தாள்.

"நேரமாகும். நீங்க சாப்பிட்டுட்டு வீட்டுக்குப் போங்க" என்றாள் என்னிடம்.

நானும் டாக்டரின் ஜீப்பில் ஏறிக்கொண்டேன்.

மாட்டுக் கொட்டகைக்கு வெளியே ஒரு கல்லின் மேல், பட்டு வேட்டியோடு உட்கார்ந்திருந்தேன். பனி வந்தது, போனது. உள்ளே பசுவின் முனகல். இடையிடையே தமயந்தியின் குரல்: "அவ்வளவுதான் கண்ணு, இன்னும் கொஞ்சந்தான்." ஒரு தடவை வெந்நீர் கேட்டார்கள். நான் எடுத்துப் போய்க் கொடுத்தேன். பட்டுப்புடவையை முழங்காலுக்கு மேல் தூக்கிச் செருகிக்கொண்டு, கை முழுக்க ரத்தமும் வழவழப்புமாக இருந்தாள். என்னைப் பார்த்து, "இன்னும் போகலையா?" என்றாள்.

"இல்ல" என்றேன்.

நாலு மணிக்குக் கன்று விழுந்தது. கிடேரி. முதலில் மூச்சு இல்லை. வைக்கோலை எடுத்துத் தமயந்தி அதன் மூக்கையும் நெஞ்சையும் தேய்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு அது தும்மியது.